கோட்டை டெக்: பாப்பரில் ஒரு காம்போ டெக்கை அடியிலிருந்து கட்டுவது எப்படி

கிருஷ்ணகிரியில் நாங்கள் மேஜிக்: த கேதரிங் என்ற கார்டு ஆட்டம் ஆடுவது ஒரு நண்பனின் வீட்டு மாடியில். கீழே மாங்காய் மண்டி. ஏப்ரல் முதல் ஜூலை வரை வைக்கோல் வாசமும் பழ வாசமும் படியேறி வரும், கூடவே ஈக்களும். ஆட ஆரம்பித்த முதல் மாதத்தில் மண்டிக்கு வந்த ஒரு பெரியவர் மேலே எட்டிப் பார்த்து, "தம்பி, எவ்ளோ வெச்சு ஆடுறீங்க?" என்று கேட்டார். காசு வைத்து ஆடுவதில்லை என்றோம். அவர் நம்பவில்லை. "அப்புறம் எதுக்குப்பா ஒரு சீட்டு போட இவ்ளோ நேரம் யோசிக்கறீங்க?"

காம்போ டெக், அதாவது சில கார்டுகள் ஒன்றுசேர்ந்தால் ஆட்டமே முடிந்துவிடும் கார்டுக்கட்டு, ஆடுகிறவனிடம் கேட்க வேண்டிய கேள்விதான் அது. யோசனையில் முக்கால்வாசியை வீட்டிலேயே, டெக் கட்டும்போதே முடித்துவிட வேண்டும். மேசைக்கு வந்து யோசிப்பவன் தோற்பான். நான் நிறையத் தோற்றிருக்கிறேன்.

மேஜிக் என்பது ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து 1993இல் வெளிவந்த ஆட்டம். அடிப்படை விதிகள் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்: 60 கார்டு டெக், ஒரே பெயரில் 4 கார்டுக்கு மேல் கூடாது (மனா தரும் அடிப்படை லேண்டுக்கு மட்டும் விலக்கு; மனா என்பது கார்டு இறக்கச் செலவழிக்கும் சக்தி), 7 கார்டு கை, 20 உயிர். ஃபார்மட் (எந்தக் கார்டுகள் செல்லும் என்ற விதி) பாப்பர், அதாவது எப்போதாவது காமன் என்ற சாதாரணத் தரத்தில் அச்சான கார்டுகள் மட்டும். 2019இல் இதைக் காகிதக் கார்டுகளுக்கும் அதிகாரபூர்வமாக்கினார்கள். எங்களைப் போன்ற சின்ன ஊர்க்காரர்களுக்கு இதைவிட நல்ல ஃபார்மட் இல்லை. இந்த டெக் கட்டும்போது நான் விலை பார்த்துத் தயங்கியது ஸ்லீவ் (கார்டு உறை) வாங்கும்போதுதான். ஆடக் கூடாத கார்டுகளின் தடைப் பட்டியல் அவ்வப்போது மாறும் என்பதால், கார்டு வாங்குவதற்கு முன் அன்றைய பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

முதல் வேலை: காம்போவைக் கணக்காக எழுதிப் பார்ப்பது

ஒரு நோட்டில் நான்கு கேள்விகள் எழுதுங்கள். எந்தெந்தக் கார்டு வேண்டும்? மொத்தம் எவ்வளவு மனா? எதற்கு ஒரு டர்ன் காத்திருக்க வேண்டும்? எல்லாம் சேர்ந்த பிறகு எதிராளி எப்படிச் சாகிறார்? கடைசிக் கேள்வியை மறந்துவிட்டு, முடிவில்லாத மனாவைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தவர்கள் உண்டு.

நாங்கள் கோட்டை டெக் என்று அழைப்பதற்கு வருவோம். மாடியிலிருந்து பார்த்தால் மலைமேல் கிருஷ்ணகிரிக் கோட்டை தெரியும், டெக்கிலும் முழுக்கச் சுவர்கள்தான், பெயர் ஒட்டிக்கொண்டது. வெளியே இதை வால்ஸ் காம்போ என்பார்கள்.

ஆக்ஸ்பேன் கார்டியன் 3 மனாவுக்கு வரும் 0/3 உயிரி (தாக்கும் வலு 0, தடிமன் 3). டிஃபெண்டர் என்ற பண்பு உள்ளதால் தாக்க முடியாது. அதை டேப் செய்தால் (பக்கவாட்டில் திருப்பினால்), உங்களிடம் எத்தனை டிஃபெண்டர்கள் உண்டோ அத்தனை மனா, எந்த நிறத்திலும் கிடைக்கும். ஃப்ரீட் ஃப்ரம் த ரியல் 3 மனாவுக்கு ஓர் ஆரா, அதாவது ஓர் உயிரியின்மேல் ஒட்டும் கார்டு. ஒரு நீல மனா கொடுத்தால் அது ஒட்டியிருக்கும் உயிரி அன்டேப் ஆகும், அதாவது மறுபடி நிமிரும். இரண்டையும் சேருங்கள். கார்டியனோடு இன்னொரு டிஃபெண்டர் இருந்தால், ஒரு டேப்புக்கு 2 மனா. அதில் ஒரு நீலம் அன்டேப் செய்யப் போகும், 1 மிச்சம். மறுபடி டேப், மறுபடி 1 மிச்சம். இதற்கு முடிவே இல்லை. கார்டியன் மட்டும் தனியாக நின்றால் 1 வரும், 1 போகும், செக்கு மாடு மாதிரி சுற்ற வேண்டியதுதான். ஆகவே குறைந்தது இரண்டு டிஃபெண்டர்.

முடித்துவைப்பது வாலக்கூட் இன்வோக்கர். இதுவும் 3 மனா. எந்த நிறத்திலும் 8 மனா கொடுத்தால், யாருக்கு வேண்டுமானாலும் 3 சேதம். டேப் செய்யத் தேவையில்லை, எனவே இறங்கிய டர்னிலேயே வேலை செய்யும். 20 உயிருக்கு 7 தடவை, 56 மனா. இன்வோக்கர் சிவப்புக் கார்டு. ஆனால் டெக்கில் ஒரு சிவப்பு லேண்டு கூட வேண்டாம், கார்டியன் எந்த நிறமும் தருகிறதே.

இரண்டாவது: தனியாக நிற்கும்போது அந்தக் கார்டு என்ன செய்கிறது?

நான் முதலில் கட்டிய காம்போவை இப்போது நினைத்தாலும் வெட்கம். இரண்டு கார்டு சேர்ந்தால் ஆட்டம் முடியும், சேராவிட்டால் இரண்டும் வெறும் காகிதம். நண்பன் சாதாரணச் சிவப்பு டெக் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க என்னைத் துவைத்துக் காயப்போட்டான். கையில் பாதிக் காம்போவை வைத்துக்கொண்டு மீதிப் பாதிக்காகக் காத்திருந்தே செத்துப்போனேன்.

அன்றைக்குப் பிடித்த பழக்கம்: காம்போ எவ்வளவு அழகு என்று பார்ப்பதில்லை, அதன் துண்டுகள் சும்மா இருக்கும்போது சோறு போடுமா என்று பார்க்கிறேன். கோட்டை டெக்கில் ஏறக்குறைய எல்லாத் துண்டும் ஒரு சுவர். தடுக்கிறது, மனா தருகிறது, கார்டியனின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. காம்போ வராத ஆட்டத்திலும் எதிராளியை நான்கைந்து டர்ன் நிறுத்திவைக்க முடியும். தனியாக இருந்தால் ஒன்றுக்கும் உதவாதது ஃப்ரீட் ஒன்றுதான். ஒரு டெக்கில் அப்படி ஒன்றைத் தாங்கலாம், இரண்டைத் தாங்க முடியாது.

மூன்றாவது: வருமா வராதா என்று எண்ணிப் பாருங்கள்

"நாலு போட்டிருக்கேன், வந்துடும்" என்பது எங்கள் மாடியில் அடிக்கடி கேட்கும் வசனம். 60 கார்டில் 4 இருந்தால், முதல் 7இல் ஒன்றாவது வர வாய்ப்பு 40 சதவீதம்தான். 8 இருந்தால் 65, 12 இருந்தால் 81.

காம்போவுக்கு இரண்டு வேறு கார்டு வேண்டும் என்பதுதான் வலி. இரண்டாவதாக ஆடுகிறவர் 4ஆம் டர்னில் 11 கார்டு பார்த்திருப்பார். அதற்குள் 4 கார்டியனில் ஒன்றும் 4 ஃப்ரீடில் ஒன்றும் வந்திருக்க வாய்ப்பு சுமார் 31 சதவீதம். மூன்று ஆட்டத்தில் ஒன்றுகூட முழுதாக இல்லை.

இங்கேதான் டிரிஃப்ட் ஆஃப் ஃபேன்டஸம்ஸ் காப்பாற்றுகிறது. 3 மனா, 0/5, பறக்கும் டிஃபெண்டர். கையிலிருந்து அதைத் தூக்கிப்போட்டு 3 மனா கொடுத்தால், அதே மனா மதிப்புள்ள ஒரு கார்டை டெக்கிலிருந்து தேடி எடுக்கலாம். மேலே மறுபடி பாருங்கள்: கார்டியன் 3, ஃப்ரீட் 3, இன்வோக்கர் 3. டிரிஃப்ட் இந்த மூன்றில் எதுவாகவும் மாறும். 4 டிரிஃப்டைச் சேர்த்தால், அதே 11 கார்டுக்குள் கார்டியன்–ஃப்ரீட் ஜோடி கைக்கெட்டும் வாய்ப்பு 31இலிருந்து சுமார் 64க்கு ஏறுகிறது. இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஆனால் தேட 3 மனா தனியாக வேண்டும், அதில் இரண்டு நீலம், உங்கள் டர்னில்தான் செய்ய முடியும். ஆகவே அந்த 64 உண்மையில் ஒரு டர்ன் தள்ளியே பலன் தரும்.

இந்தக் கணக்குகளுக்குப் பெயர் ஹைப்பர்ஜியோமெட்ரிக். பெயர்தான் பயமுறுத்தும். பிளஸ் டூவில் படித்த சேர்மானக் கணக்கு தெரிந்தால் போதும், இல்லாவிட்டால் இணையத்தில் கணிப்பான்கள் இருக்கின்றன.

நான்காவது: 60ஐ நிரப்புவது

என் பட்டியல் இது. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஏன் மாற்றுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

4 ஆக்ஸ்பேன் கார்டியன்
4 ஃப்ரீட் ஃப்ரம் த ரியல்
4 டிரிஃப்ட் ஆஃப் ஃபேன்டஸம்ஸ்
2 வாலக்கூட் இன்வோக்கர்
4 ஓவர்க்ரோன் பேட்டில்மென்ட்
4 வால் ஆஃப் ரூட்ஸ்
4 சருலி கேர்டேக்கர்
4 வேறு ஏதாவது ஒரு மலிவான பச்சைச் சுவர் (உங்கள் விருப்பம்)
4 லீட் த ஸ்டாம்பீட்
4 வைண்டிங் வே
4 வைன்ஸ் ஆஃப் வாஸ்ட்வுட்
10 ஃபாரஸ்ட், 4 ஐலேண்டு, 4 தார்ன்வுட் ஃபால்ஸ்

கேர்டேக்கர் 1 மனாவுக்கு 0/3. தன்னையும் இன்னோர் உயிரியையும் டேப் செய்து ஏதாவது ஒரு நிற மனா தரும். அந்த இன்னோர் உயிரி அப்போதுதான் இறங்கியதாக இருந்தாலும் பரவாயில்லை. பலர் கவனிக்காமல் விடும் இடம் இது. முதல் டர்ன் கேர்டேக்கர், இரண்டாம் டர்ன் இரண்டு லேண்டில் வால் ஆஃப் ரூட்ஸ். அந்த வால் தன் தடிமனில் ஒன்றைக் கழித்துக்கொண்டு உடனே ஒரு பச்சை தரும், டேப் ஆகாது. அதே வாலைக் கேர்டேக்கரோடு டேப் செய்தால் இன்னொரு மனா. ஆக அதே டர்னில் ஒரு பேட்டில்மென்டும் இறங்கிவிடும். மூன்றாம் டர்ன் கார்டியன், நான்காம் டர்ன் ஃப்ரீட். நல்ல கை வந்தால் 4ஆம் டர்னில் கதை முடிந்தது.

லீட் த ஸ்டாம்பீட் மேலே உள்ள 5 கார்டைப் பார்த்து அதிலுள்ள உயிரிகளையெல்லாம் கைக்குக் கொண்டுவரும். டெக்கில் 26 உயிரி இருப்பதால் சராசரியாக இரண்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். வைண்டிங் வே 4 கார்டைப் புரட்டும், உயிரியா லேண்டா என்று நீங்கள் சொன்ன வகை மட்டும் கைக்கு வரும், மீதி கல்லறைக்கு, அதாவது செலவான கார்டுகளின் குவியலுக்குப் போகும். லீட் மீதியை டெக்கின் அடியில் போடுகிறது, வைண்டிங் வே கல்லறையில் போடுகிறது. ஒரே ஆட்டத்தில் இரண்டு வைண்டிங் வே போட்டு மூன்று ஃப்ரீடைக் கல்லறைக்கு அனுப்பிய நாள் எனக்கு உண்டு. ஃப்ரீடை 3 ஆகக் குறைக்கச் சொல்பவர்களிடம் இந்தக் கதையைச் சொல்வேன்.

லேண்டு விஷயத்தில் எல்லோரும் நீலத்தில் இடறுகிறார்கள். பட்டியலில் நீலம் தரும் லேண்டு 8. முதலாவதாக ஆடி 4ஆம் டர்னுக்குள் பார்க்கும் 10 கார்டில் அவற்றில் ஒன்றாவது வர 79 சதவீதம். கேர்டேக்கரையும் நீலமாக எண்ணினால் 12, வாய்ப்பு 91. ஐலேண்டைக் கூட்டலாமே என்று தோன்றும். முதல் டர்னில் பச்சை இல்லாவிட்டால் இந்த டெக் நொண்டியடிக்கும், அதனால் நான் கூட்டவில்லை.

ஐந்தாவது: ஆள் இல்லாமல் ஆடிப் பழகுவது

கார்டு வாங்குவதற்கு முன் இதைச் செய்யுங்கள். ரவுண்டானா பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கார்டுப் படங்களை ஒரே தாளில் அச்சிட்டு, வெட்டி, பழைய கார்டோடு ஸ்லீவுக்குள் செருகிக்கொண்டேன். வீட்டில் பழக இது போதும். அதிகாரபூர்வப் போட்டியில் இந்த ப்ராக்சிக்கு இடமில்லை.

எதிரே யாரும் இல்லை என்று வைத்து 30 ஆட்டம் ஆடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு வரி: ஆரம்பக் கையை வைத்தீர்களா மாற்றினீர்களா, எந்த டர்னில் முடிந்தது, முடியாவிட்டால் எது குறைந்தது. கடைசிக் கட்டம்தான் பொக்கிஷம். என் நோட்டில் "இன்வோக்கர் இல்லை" என்று திரும்பத் திரும்ப வந்தது. ஒன்று மட்டும் வைத்திருந்தேன், இரண்டாக்கினேன்.

கையை மாற்றும் முடிவும் இங்கேதான் பழகும். 2019 முதல் இருக்கும் லண்டன் மல்லிகன் விதிப்படி, எத்தனை தடவை மாற்றினாலும் 7 எடுப்பீர்கள், பிறகு மாற்றிய தடவைக்கு ஒன்று வீதம் அடியில் வைப்பீர்கள். 7 பார்த்து 6 பொறுக்குவது என்பது காம்போ ஆளுக்கு வரம். ஆகவே பயப்படாதீர்கள். இரண்டு லேண்டு, ஒரு மலிவான சுவர், மேலும் கார்டு தேடித் தரும் ஒன்று இருந்தால் வைப்பேன். கார்டியனும் ஃப்ரீடும் இரண்டும் இருந்து ஒரே லேண்டு என்றால், கண்ணை மூடிக்கொண்டு மாற்றுவேன். அந்தக் கை ஆசை காட்டி மோசம் செய்யும்.

ஆறாவது: எதிரே ஆள் உட்கார்ந்த பிறகு

டெக்கில் உண்மையான திறமை தேவைப்படுவது இங்கேதான், எனவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

கார்டியனின் தடிமன் 3. சிவப்பு டெக்குகள் வைத்திருக்கும் லைட்னிங் போல்ட் கார்டின் சேதம் 3. இந்தப் பொருத்தம் உங்களைப் பல தடவை அழவைக்கும். ஃப்ரீட் ஓர் ஆரா. அதைப் போடும்போதே கார்டியனைக் குறிவைக்க வேண்டும். அந்த நேரத்தில் எதிராளி கார்டியனைக் கொன்றால் ஃப்ரீடும் சேர்ந்தே போகும். ஒரு கார்டுக்கு இரண்டு கார்டு நஷ்டம்.

ஆனால் ஃப்ரீட் ஒட்டியபின் நிலைமை தலைகீழ். மனாவுக்காக டேப் செய்வதற்கு யாரும் குறுக்கே பதில் சொல்ல முடியாது. அன்டேப் செய்வதற்குத்தான் பதில் சொல்லலாம். எனவே கார்டியன் அன்டேப் நிலையில், களைப்பு நீங்கி (இறங்கிய டர்ன் கடந்து), ஃப்ரீட் ஒட்டி நிற்கும்போது எதிராளி போல்ட் போட்டால், அந்த போல்ட் வேலை செய்வதற்கு முன்பே நீங்கள் டேப், அன்டேப், டேப், அன்டேப் என்று சுற்றி வேண்டிய மனாவைச் சேர்த்துவிடலாம். கார்டியன் பிறகு செத்தாலும், சேர்ந்த மனா அந்தக் கட்டம் முடியும் வரை இருக்கும். அதே மெயின் கட்டத்தில் இன்வோக்கரை இறக்கி அடிக்கலாம். இதற்கு இரண்டு ஒழுக்கம் வேண்டும். ஃப்ரீடுக்கான மனாவை லேண்டிலிருந்தும் மற்றச் சுவர்களிலிருந்தும் மட்டும் எடுங்கள், கார்டியனைத் தொடாதீர்கள். மிதக்கும் மனாவில் எப்போதும் ஒரு நீலம் கூடுதலாக இருக்கட்டும். கையில் நீலம் இல்லாமல், கார்டியன் டேப் ஆகி, அன்டேப் காத்திருக்கும் அந்த ஒரு நொடியில்தான் உங்களைக் கொல்ல முடியும்.

ஆக எதிராளிக்குக் கிடைக்கும் நல்ல ஜன்னல், ஃப்ரீட் இறங்கும் நேரம். அதை அடைக்கத்தான் வைன்ஸ் ஆஃப் வாஸ்ட்வுட். ஒரு பச்சை மனா. அந்த டர்ன் முழுக்க எதிராளியின் எதுவும் அந்த உயிரியைக் குறிவைக்க முடியாது, உங்களுடையது முடியும். அதனால் 4ஆம் டர்னில் எல்லாம் தயார் என்றாலும், எதிரே இரண்டு சிவப்பு லேண்டு திறந்திருந்தால் நான் 5ஆம் டர்னுக்குக் காத்திருந்து, ஒரு பச்சையை ஒதுக்கிக்கொண்டு போடுவேன். சுவர்கள் நிற்பது அந்த ஒரு டர்னை வாங்கித் தரத்தான்.

நீங்கள் போடும் கார்டையே ரத்து செய்யும் கவுன்டர்ஸ்பெல் வைத்திருக்கும் நீல டெக் என்றால் வேறு கதை. அங்கே வைன்ஸ் உதவாது. முதலில் லீட் த ஸ்டாம்பீடை நீட்டுங்கள். தடுத்தால் அவர்கள் மனா தீர்ந்தது, தடுக்காவிட்டால் உங்கள் கை நிறைந்தது. பறக்கும் குட்டி ஃபேரிகளுக்கு எதிராக டிரிஃப்டைத் தேடலுக்குச் செலவழிக்காமல் தரையிறக்கி விடுவதும் உண்டு. 0/5 பறக்கும் சுவரைத் தாண்ட அவர்கள் திணறுவார்கள். "ஓர் உயிரியைப் பலி கொடு" என்று சொல்லும் கறுப்புக் கார்டுகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். எதைக் கொடுப்பது என்று தேர்ந்தெடுப்பது நீங்கள்தான், ஒரு கேர்டேக்கரைத் தூக்கிக் கொடுங்கள்.

ஏழாவது: சைட்போர்டு

ஆட்டங்களுக்கு நடுவே டெக்கில் மாற்றிக்கொள்ளும் 15 கார்டு. என்னுடையது: 4 ஹைட்ரோபிளாஸ்ட், 3 வெதர் த ஸ்டார்ம், 3 டிஸ்பெல், 3 ஸ்கேட்டர்ஷாட் ஆர்ச்சர், 2 நேச்சர்ஸ் க்ளெய்ம். முதல் இரண்டும் சிவப்புக்கு, டிஸ்பெல் நீலத்துக்கு, ஆர்ச்சர் ஃபேரிக்கு.

புதிதாக ஆடுபவர்கள் இரண்டாம் ஆட்டத்துக்கு 8, 9 கார்டை மாற்றிவிடுவார்கள். எல்லா ஆபத்துக்கும் மருந்து இருக்கும், காம்போ இருக்காது. 4 அல்லது 5க்கு மேல் மாற்றாதீர்கள். எடுப்பதானால் முதலில் வைண்டிங் வே, அப்புறம் ஒரு வால் ஆஃப் ரூட்ஸ். எதிரே உயிரியைக் கொல்லும் கார்டு குறைவு என்றால் வைன்ஸ். கார்டியனிலும் டிரிஃப்டிலும் கை வைக்காதீர்கள்.

எட்டாவது: போட்டிக்குப் போவது

எங்களுக்குப் பெரிய ஊர் என்றால் பெங்களூர்தான். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வழியாகச் சுமார் 90 கிலோமீட்டர், தர்மபுரி நண்பர்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் கூடுதல். காலை முதல் சுற்றுக்கு நேரத்தில் உட்கார வேண்டுமானால் விடியற்காலைப் பேருந்தைப் பிடியுங்கள். ஓசூரைத் தாண்டியபின் நெரிசல் எவ்வளவு என்று யாரும் சொல்ல முடியாது.

புது ஸ்லீவ் போட்டுக்கொண்டு போங்கள். இதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். மண்டி மாடியில் பழகிய ஸ்லீவோடு ஒரு போட்டிக்குப் போய், இரண்டாம் சுற்றில் எதிராளி என் டெக்கைக் கலைத்துக் கொடுக்கும்போது "இது ஒட்டுது" என்றார். மாம்பழச் சாறு. நான்கைந்து கார்டின் முதுகு மட்டும் மற்றவற்றைவிடப் பளபளத்தது, அடையாளமிட்ட கார்டு என்று ஆகிவிடும் அளவுக்கு. நடுவர் நல்ல மனிதர், அங்கேயே எல்லா ஸ்லீவையும் மாற்றச் சொல்லி எச்சரிக்கையோடு விட்டார். வெயிலில் வளையும் ஃபாயில் கார்டும் இதே பிரச்சினையைத் தரும். பளபளப்பு ஆசையை விட்டுவிடுங்கள்.

காம்போ அமைந்ததும் 56 தடவை டேப், அன்டேப் செய்து காட்ட வேண்டியதில்லை. ஒரு சுற்றை மெதுவாக, சத்தமாகச் சொல்லிக் காட்டுங்கள்: "டேப், 4 மனா, ஒரு நீலம் கொடுத்து அன்டேப், 3 மிச்சம்." பிறகு எத்தனை தடவை என்று ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். முடிவில்லாமல் என்று சொல்லக் கூடாது, எண்தான் வேண்டும். எந்த இடத்திலாவது பதில் உண்டா என்று எதிராளியைக் கேளுங்கள். கணினியில் ஆடும் மேஜிக் ஆன்லைனில் இந்தக் குறுக்குவழி கிடையாது, ஒவ்வொன்றையும் கிளிக் செய்தே ஆக வேண்டும், கடிகாரம் வேறு ஓடும். அங்கே கூடுதலாக ஒரு சுவரை இறக்கிவிட்டுத் தொடங்குவது லாபம். 2 டிஃபெண்டர் என்றால் ஒரு சுற்றுக்கு 1 மனா, 5 என்றால் 4.

மனாவை எழுத ஒரு துண்டுத் தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். நான் எப்போதும் ஆயிரம் என்று எழுதி எதிராளியின் பக்கம் திருப்பி வைப்பேன், பெரும்பாலானவர்கள் அதைப் பார்த்ததும் கார்டை எடுத்து அடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அடுக்காதவர்களுக்காக இன்வோக்கர் கையில் இருக்கிறதா என்று ஆயிரம் எழுதுவதற்கு முன் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.